ஆபரேட்டர் அக்காவின் ஏணி

என் வீட்டுச் சுவரில் ஓர் அலுமினிய ஏணி சாய்ந்து நிற்கிறது. எட்டுப் படிகள், நடுவில் கீல் வைத்து இரண்டாக மடியும். கடையில் விற்கும் ஏணிக்கு உருண்டைக் குழாய்தான் படி. இதற்கு ஒவ்வொரு படியும் ஒரு சாண் அகலத்துக்குப் பலகை மாதிரி தட்டையாக இருக்கும். அதன்மேல் பழைய டியூப் ரப்பரை வெட்டி ஒட்டியிருக்கிறது. அஸ்தினாபுரத்தில் எங்கள் சந்தில் இந்த ஏணியைக் கேட்டு வராத வீடு கிடையாது. தண்ணீர்த் தொட்டி கழுவ, ஒட்டடை அடிக்க, பரணிலிருந்து அண்டா இறக்க என்று ஏதாவது ஒரு காரணம். நான் தருவதில்லை. நானே போய் அவர்கள் தொட்டியைக் கழுவிக் கொடுத்தாலும் கொடுப்பேன், ஏணியைத் தரமாட்டேன். ஓர் ஏணிக்கு இவ்வளவு திமிரா என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். ஆமாம் என்றேன். இது திமிருக்காகவே செய்த ஏணி.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பல்லாவரத்தில் தோல் கிடங்கு, திருப்பூரில் பனியன் கம்பெனி, குவைத்தில் வீட்டு வேலை, சூரத்தில் ஒரு மெஸ்ஸில் சமையல் என்று எந்த இடத்திலும் மூன்று வருடம் தாண்டியதில்லை. யாரும் விரட்டவில்லை. எனக்குக் கால் நிற்காது, அவ்வளவுதான். நடுவில் ஒரு கல்யாணம் நடந்தது. புருஷன் போய்விட்டான், அவன் ஓட்டிய ஷேர் ஆட்டோ வாசலிலேயே நின்றது. நிற்கிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் ஓட்டக் கற்றுக்கொண்டேன். தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவே சில வருடங்கள் ஆட்டோ. பிறகு ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி ஒன்று. பெண் டிரைவர் வேண்டும் என்று கேட்கிறவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், டியூஷன் பிள்ளைகள், நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற மாமிகள். அப்படித்தான் சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவிலிருந்து வாரம் இரண்டு முறை எனக்கு அழைப்பு வரும். அழைப்பவரைத் தெருவே ஆபரேட்டர் அக்கா என்றுதான் சொல்லும்.

அக்காவுக்கு மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. தொடையிலிருந்து பாதம்வரை இரும்புக் கம்பியும் தோல் வாரும் சேர்த்துச் செய்த காலிப்பர் போட்டிருப்பார், கையில் ஓர் ஊன்றுகோல். நகரத்தில் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் நம்பரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த ஊர் ஆபரேட்டர் அந்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு இணைத்துக் கொடுப்பார். அந்த வேலை ஒழிந்து வேறு மேஜைகளுக்கு மாறி அக்கா ஓய்வு பெற்ற பிறகும், பழைய எண்கள் ஒன்றுகூட அவருக்கு மறக்கவில்லை. வழியில் ஏதாவது கடையைக் காட்டினால் அதன் பழைய நம்பரைச் சொல்வார். ஊர்களையும் அவர் குரலாகத்தான் வைத்திருந்தார். நாக்பூர்க்காரருக்கு வருடம் முழுக்க ஜலதோஷம். ராய்ப்பூர்க்காரர் லைன் கொடுக்கும் முன் தொண்டையைக் கனைப்பார். ஜபல்பூர்க்காரி மட்டும் வேலை இல்லாத நேரத்தில் கதை பேசுவாள். எங்கள் பக்கம் காடு, காட்டில் புலி, ஒருநாள் வா, காட்டுகிறேன் என்று சொன்னாளாம். அக்கா சரி வருகிறேன் என்றாராம். சொல்லி முப்பது வருடம் ஆகியிருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த எக்ஸ்சேஞ்ச் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அக்கா நின்றுகொண்டு படி ஏறமாட்டார். படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் மேல்படியில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக ஏறுவார். இதை நான் தற்செயலாகத்தான் பார்த்தேன். அவர் வண்டியில் விட்டுப்போன மருந்துப் பையைக் கொடுக்க வீட்டுக்குள் போனபோது, காயவைத்த துணியை எடுக்க மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஏறுவதை நிறுத்தினார். என் முகத்தையே பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகொரு நாள் அவராகவே சொன்னார், வேலைக்குப் போன காலம் முழுக்க ஒரு மின்சார ரயில் முன்னதாகவே பிடித்துப் போவாராம், மற்றவர்கள் வருவதற்குள் ஏறிவிட. மாலையில் எல்லாரும் இறங்கிய பிறகுதான் கிளம்புவாராம். கூட வேலை செய்தவர்களில் ஒருவர்கூட அவர் படியேறிப் பார்த்தது கிடையாது. அந்தக் கணக்கில் வருடம் எத்தனை நாள் அவர் காலை இட்லியைச் சாப்பிடாமல் ஓடியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

ஒரு பொங்கலுக்கு முந்தைய நாள். பெருங்களத்தூரில் ஊருக்குப் போகிற கூட்டம் மொத்தமும் சாலையில் இறங்கி, வண்டி ஒரு மணி நேரமாக அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் வேற்று மாநில எண் போட்ட ஒரு ஜீப், அதன் கூரைமேல் கறுப்பாக நீளமாக ஒரு பெட்டி. அக்கா அது என்ன என்றார். எனக்கும் தெரியவில்லை. வண்டிதான் நகரவில்லையே, இறங்கிப் போய்க் கேட்டேன். பெட்டி இல்லை, மடித்து வைத்த கூடாரம் என்று சொன்னார்கள். இரவானால் திறந்து, ஏணி வைத்து ஏறி, வண்டியின் தலைமேலேயே தூங்குவார்களாம். காடு காடாகச் சுற்றிவிட்டு வருகிறார்களாம். வந்து சொன்னேன். ஜீப் கண்ணில் படும்வரை அக்கா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். தாம்பரம் தாண்டியதும் கேட்டார்.

“உன் வண்டி மேல அது மாதிரி ஒண்ணு வைக்கலாமா?”

“யாருக்குக்கா?”

“எனக்குதான். ஜபல்பூர் வரைக்கும் போலாம். நீ வர்றியா?”

எனக்கு எங்கே என்றாலும் சம்மதம். ஆனால் தரையில் போடும் கூடாரம் போதாதா என்று கேட்டேன். அக்கா சிரித்தார். தரையில் படுத்தால் எழுந்திருக்க ஒருத்தர் கை கொடுக்க வேண்டும், மேலே படுத்தால் காலைத் தொங்கப்போட்டு இறங்கிவிடலாம் என்றார். இரண்டு கால் உள்ள எனக்கு இது தோன்றவில்லை. உயரம்தான் அவருக்குக் கஷ்டம் என்று எல்லாரும் நினைத்தோம். அவருக்குக் கஷ்டம் தரைதான்.

அப்புறம் இரண்டு மாதம் கூடாரம் தேடினோம். முதலில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு பெரிய கடை. அங்கிருந்த விற்பனைப் பையன் அக்காவின் காலை ஒருமுறை பார்த்தான், அதோடு என்னிடமே பேச ஆரம்பித்தான். எத்தனை கிலோ, எத்தனை பேர் படுக்கலாம், எவ்வளவு மழை தாங்கும் எல்லாம் எனக்கு. அக்கா கேட்ட கேள்விக்கும் பதில் என் முகத்தைப் பார்த்து.

“மேல யாரு ஏறுவாங்கக்கா, நீங்களா?” என்று என்னைக் கேட்டான்.

“நான் ஏறுவேன்,” என்றார் அக்கா.

“மேடம், உங்களுக்கு கிரவுண்ட் டெண்ட்தான் சேஃப். இது எப்படித் திறக்கும்னு வீடியோ காட்டறேன், பாருங்க.”

“வீடியோல படுக்க முடியாதே தம்பி. ஏணிய எடுத்து வை. அப்படியே குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டு வா.”

பையன் தண்ணீருக்குப் போனதும் என்னை வாசல் பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டு, ஏணிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இரண்டு படி ஏறிப் பார்த்தார். அவன் திரும்பி வரும்போது எழுந்து நின்று ஊன்றுகோலைச் சரிசெய்துகொண்டிருந்தார். வெளியே வந்ததும் ஒரே வார்த்தை, வெட்டுது. உருண்டைக் குழாயில் உட்கார்ந்தால் தொடையை வெட்டும். தோசைக்கல் மாதிரி பளபளத்த அந்த இறக்குமதிக் கூடாரம் அதோடு முடிந்தது.

இரண்டாவது, மேடவாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவர் ஒரே ஒரு தடவை பயன்படுத்திவிட்டு விற்க வைத்திருந்த துணிக் கூடாரம். புத்தகம் மாதிரி மடிப்பது. விரித்தால் உள்ளே ஒரு குடும்பமே படுக்கலாம். ஈரத்தோடு மடித்து வைத்ததில் மக்கின வாசம் வந்தது. அதைக்கூட வெயிலில் போட்டுச் சரிசெய்திருக்கலாம். ஆனால் மூடுவதற்கு டயர்மேல் ஒரு கால், கதவு விளிம்பில் ஒரு கால் வைத்து ஏறி நின்று, துணியை உள்ளே திணித்து, உறையை இழுத்து மாட்ட வேண்டும். அந்த மனிதர் வேர்த்து விறுவிறுத்து மாட்டிக் காண்பித்தார். மூடறதுக்கு நீ இருக்கியே என்று அக்கா சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவர் தேடியது தானே திறந்து தானே மூடக்கூடிய ஒன்றை.

கடைசியில் வண்டலூரைத் தாண்டி ஒரு கொட்டகையில் கிடைத்தது. இரண்டு பேர் சேர்ந்து தாங்களே செய்து விற்றார்கள். ஃபைபர் மூடி போட்ட பெட்டி. இரண்டு கொக்கியை விடுவித்துக் கொஞ்சம் தள்ளினால் ஒரு பக்கம் மட்டும் முதலை வாயைத் திறப்பதுபோல் மூடி எழும்பி நிற்கும், கூடவே துணிச் சுவரும். மூட, தொங்குகிற வாரைக் கீழே நின்று இழுத்தால் போதும். அக்கா ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு நான்கு முறை திறந்தார், நான்கு முறை மூடினார். ஜிப்பை இழுத்துப் பார்த்தார். மெத்தையை முழங்கையால் அழுத்திப் பார்த்தார். தலைமாட்டு ஜன்னலுக்குக் கொசுவலை இருக்கிறதா என்று கேட்டார், நாம் தாம்பரத்துக்காரர்கள், கொசுவுக்குப் பயந்தவர்கள் என்று சொன்னார். இதுதான் என்று முடிவானபோது, ஏணி மட்டும் வேண்டாம் என்றார். அவர்களுக்குப் புரியவில்லை. ஏணி இல்லாமல் எப்படி ஏறுவீர்கள் என்றார்கள். அது எங்க பாடு என்றேன்.

கிழக்குத் தாம்பரத்தில் ஜன்னல் கிரில் செய்யும் பட்டறை அண்ணனிடம் ஏணி செய்யச் சொன்னோம். படி ஒரு சாண் அகலம், வழக்கத்தைவிட அதிகச் சாய்வு, ஆள் உட்கார்ந்தாலும் வளையக் கூடாது. அளவைக் கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

“இன்னாக்கா, ஏணி கேக்கறியா, மாடிப்படி கேக்கறியா? இம்மாம் வெயிட்ட எவன் தூக்கினு போவான்?”

“நான் தூக்கினு போறேன். நீ செய்யுண்ணா.”

செய்தார், நன்றாகவே செய்தார். அவர் மத்தியானம் சாப்பிடப் போன நேரத்தில்தான் அக்கா உட்கார்ந்து பார்த்தார். வழுக்குது, ரப்பர் வேணும் என்றார். ரப்பரை நான்தான் வெட்டி ஒட்டினேன்.

இதெல்லாம் வீட்டுக்குத் தெரியவந்தபோது பிரச்சினை ஆனது. அக்கா தன் தம்பி குடும்பத்தோடு அப்பா கட்டிய வீட்டில் இருந்தார். தம்பி வங்கி அதிகாரி. கெட்டவர் இல்லை. சின்ன வயதில் அக்காவின் பள்ளிக்கூடப் பையைச் சேர்த்துச் சுமந்தவர், இன்றைக்கும் அக்காவின் காலிப்பருக்கு எண்ணெய் போடுகிறவர். அவருக்கு இருந்தது பயம்தான். ஆனால் பயத்தையும் அதிகாரமாகத்தான் பேசத் தெரியும். கீழே விழுந்தால் யார் பார்ப்பது என்றார். நீ பாக்க வேணாம்னுதானே போறேன் என்றார் அக்கா. ராத்திரி அவசரம் என்றால் என்ன செய்வீர்கள் என்று தம்பி மனைவி மெதுவாகக் கேட்டார்.

“மூடி போட்ட வாளி இருக்கு. இங்க பாத்ரூம் போய்ச் சேரவே பத்து நிமிஷம் ஆகுது எனக்கு. அங்க வாளி கைக்கெட்டற தூரத்துல இருக்கும்.”

கூடத்தில் நின்றிருந்த நான் சிரித்துவிட்டேன். தம்பிக்கு அது கோபத்தைக் கிளப்பியது. யார் கையையும் பிடிக்காமல் ஒருமுறை ஏறிக் காட்டு, ஏறினால் நான் வாயே திறக்கமாட்டேன், இல்லையென்றால் கூடாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இந்தப் பேச்சை விட்டுவிடு என்றார். அக்கா ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை, போர்ட்டிகோவுக்குள் வண்டியை விட்டு, கேட்டைச் சாத்திவிட வேண்டும். கூடத்தில் இருந்த நாங்கள் நான்கு பேர் தவிர யாரும் பார்க்கக் கூடாது. எனக்கு அது நியாயமாகப் பட்டது. முப்பது வருடம் ஒரு ரயில் முன்னதாகப் போனவர் அப்படித்தான் கேட்பார்.

போர்ட்டிகோவுக்குள் வண்டி போகுமா என்று நான் முன்கூட்டியே கேட்டேன். என் வண்டி எப்போதும் தெருவில்தான் நிற்கும், உள்ளே விட்டதே இல்லை. அளந்து பார்க்கலாம் என்று டேப்பை எடுத்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். போர்ட்டிகோ எட்டடி, அப்பா மேஸ்திரியிடம் நின்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது, உன் வண்டி கேரியரோடு ஆறடி, பெட்டி ஓரடி, மேலே இன்னும் ஓரடி மிச்சம், மூடியைத் திறக்காமல் பெட்டி விளிம்புவரை ஏறிக் காட்டினால் போதும் என்றார். எண்ணில் அக்கா தவறியதே இல்லை. டேப்பைச் சுருட்டி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. கேட்டைத் திறந்து வண்டியை மெல்ல உள்ளே ஏற்றினேன். தலைக்கு மேலே கரகரவென்று ஒரு சத்தம். பிரேக் போட்டேன். பெட்டியின் முன்விளிம்பு போர்ட்டிகோ காங்கிரீட்டில் உரசி நின்றிருந்தது. மூன்று அங்குலம் இடித்தது.

நடந்தது இவ்வளவுதான். அந்தத் தெருவில் சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே போடுவார்கள். வருடத்துக்கு வருடம் சாலை உயரும், வீடுகள் பள்ளத்துக்குப் போகும். பெருமழையில் வெள்ளம் கூடத்துக்குள் வந்த பிறகு, தம்பி இடித்த கட்டடத்து ரப்பீஷைக் கொட்டி போர்ட்டிகோ தரையை ஒன்றேகால் அடி உயர்த்தியிருந்தார். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் இதே கதைதான். வேலை நடந்தபோது அக்கா அங்கேதான் இருந்தார். அதன்பின் சரிவில் ஊன்றுகோலை இரண்டு முறை ஊன்றி ஏறியவரும் அவர்தான். உடம்புக்குத் தெரிந்திருந்தது. தலைக்குள் மட்டும் அப்பா சொன்ன எட்டடி அப்படியே இருந்தது.

வண்டியைப் பின்னுக்கு எடுத்துத் தெருவில் நிறுத்தினேன். அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். எட்டடி, எட்டடி என்று உதடு அசைந்தது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை. சத்தம் கேட்டு எதிர் மாடியில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பால் வாங்கப் போன அம்மா நின்றார். கிரிக்கெட் ஆடிய பிள்ளைகள் மட்டையோடு வந்துவிட்டார்கள். மேலே என்ன பெட்டி, பொணப் பெட்டியா என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் ஐஸ் பெட்டி என்று திருத்தினான். தம்பிக்கு முகம் சுருங்கியது. தணிந்த குரலில், இன்னொரு நாள் வேற எங்கயாவது வச்சுப் பாத்துக்கலாம்க்கா, எல்லாரும் பாக்கறாங்க என்றார். அவர் விட்டுக்கொடுத்துத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு அக்கா உள்ளே போயிருந்தால் அந்த இன்னொரு நாள் வந்திருக்காது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அக்கா தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏணிய எறக்கு.”

“அக்கா, ஜனம் நிக்குது.”

“நிக்கட்டும். முப்பது வருஷம் யாருக்கும் தெரியாம ஏறினேன். பாத்துட்டுப் போகட்டும்.”

கொக்கியை அவரே விடுவித்தார். மூடி எழும்பியது. ஏணியைச் சாய்த்து, கீழே இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்தேன். ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டாம் படியில் உட்கார்ந்தார். உள்ளங்கைகள் மூன்றாம் படிக்குப் போயின. வலது பாதம் ஊன்றியது, இடுப்பு எழும்பியது. இடது காலைப் புடவையோடு சேர்த்துக் கையால் தூக்கி வைத்தார். இரும்பு அலுமினியத்தில் பட்டு டக் என்றது. அடுத்த படி, மறுபடி டக். நாலாம் படியில் மூச்சு வாங்கியபோது என் கை தானாக அவர் முதுகுக்குப் போனது. கைய எடு என்றார். எடுத்துவிட்டேன். தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டி, ஒரு கையால் இன்னொன்றின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு தண்ணீர் லாரி தெருவுக்குள் நுழைந்தது. என் வண்டி வழியில் நின்றதால் டிரைவர் ஹாரன் அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் தலையை நீட்டி, யம்மா வண்டிய எடு, லோடு கீது, இன்னா கூத்து இது என்று கத்தினான். அக்கா ஐந்தாம் படியில் உட்கார்ந்தபடி அவனைப் பார்த்தார். அவசரப்படவில்லை. பார்த்தார். ஹாரன் நின்றது. அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. நேராக ஏறுகிறவர்கள் ஏணியைப் பார்த்து ஏறுவார்கள், பார்க்கிறவர்களுக்கு முதுகுதான் தெரியும். அக்கா தெருவைப் பார்த்துக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு முகமாகப் பார்த்தார். எதிர் மாடிக்காரர் துணி எடுப்பதுபோல் திரும்பினார். பால் அம்மா குனிந்தார். பொணப் பெட்டி என்ற பையன் மட்டையின் பிடியை ஆராய்ந்தான். எட்டாம் படியிலிருந்து கூடார விளிம்புக்கு மாறி, காலை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவர் ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது.  யாரும் கை தட்டவில்லை. தட்டியிருந்தால் அக்காவுக்குப் பிடித்திருக்காது.

தம்பி அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

“எறங்கறது?”

“எறங்கறது சுலபம். நீ காபி போடச் சொல்லு.” பிறகு லாரிக்காரனைக் கூப்பிட்டார். “தம்பி, லாரியில ஹோஸ் இருக்கா? இதுமேல ரெண்டு நிமிஷம் அடி. ஒழுகுதான்னு பாக்கணும்.”

அவன் என்னைப் பார்த்தான். அடி என்றேன். அக்கா ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டார். அவன் குழாயைத் தூக்கி மழை மாதிரி அடித்தான், அடிக்க அடிக்க அவனுக்கே உற்சாகம் வந்துவிட்டது. பிள்ளைகள் நனைந்து ஆடினார்கள். தண்ணீர் ஓய்ந்ததும் ஜன்னல் ஜிப் திறந்து அக்காவின் கை மட்டும் வெளியே வந்தது. உலர்ந்திருந்தது.

ஜபல்பூர் பயணத்தில் நாற்பத்து மூன்று இரவுகள் அந்தப் பெட்டிக்குள் தூங்கினோம். காட்டுக்குள் கூடாரம் போட விடமாட்டார்கள், வாசலை ஒட்டிய கிராமங்களில் யாராவது ஒருவர் முற்றத்தில் வண்டியை நிறுத்திக்கொள்வோம். காலையில் காட்டிலாகாவின் திறந்த ஜீப்பில் அக்கா பின்பக்கமாகவே ஏறினார், கூட வந்தவர்களைப் பார்த்துக்கொண்டே. மூன்று காடு, ஏழு சவாரி, ஒரு புலிகூட வரவில்லை. ஒருநாள் விடியலில் ஒரு காட்டெருமை வேலி ஓரம் வந்து நின்றது. அக்கா ஜன்னல் வழியாக அதன் முதுகைக் கீழ்நோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் எல்லாவற்றையும் அண்ணாந்தே பார்த்துவிட்டேன் என்றார். ஜபல்பூரில் பழைய எக்ஸ்சேஞ்ச் எது என்று விசாரித்துப் போனோம். அந்தக் கதை பேசியவளை யாருக்கும் தெரியவில்லை. அக்கா வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். நான் சொன்னபடி வந்துவிட்டேன், அவள்தான் இல்லை என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். கஷ்டம் இல்லாமல் இல்லை. கைகளில் தோல் உரிந்தது, எனக்குக் காய்ச்சல் வந்தது, வாளியை நான் கொட்டினேன். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பயணம் போனோம். அந்த வீடு இப்போது இல்லை, அந்த இடத்தில் ஐந்து மாடி அடுக்ககம் நிற்கிறது. போர்ட்டிகோவில் மிச்சம் இருப்பது என் பெட்டியின் முன்விளிம்பில் உள்ள சிமெண்ட் கீறல் மட்டும்தான். அக்கா அந்த அடுக்ககத்தில் நான்காவது மாடி வீட்டில், லிஃப்டில் ஏறி இறங்கி, ஏழு மாதம் இருந்தார். காய்ச்சலில் எட்டு நாள் படுத்து, போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள் தம்பியே அக்கா அறையில் இருந்த ஏணியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலில் சாய்த்தார். இது உங்ககிட்டதான் இருக்கணும் என்றார். போகும்போது ஒரு படியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

பழைய டீசல் வண்டியும் போய்விட்டது. இப்போது வேறு வண்டி, கூரைமேல் அதே பெட்டி. படி ரப்பரை இரண்டு முறை மாற்றிவிட்டேன். போன வாரம் வடக்கே கிளம்பும் முன் பெருங்களத்தூரில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, கூடாரத்துக்குள் மெத்தையைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஏணியை இறக்கினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பினார்கள். இன்னாக்கா, மேல பொணப் பொட்டியா என்று ஓர் ஆட்டோக்காரர் கேட்டார், கூட்டம் சிரித்தது.

எனக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன. நேராக ஏறினால் பத்து நொடி. நான் வண்டிக்கு முதுகைக் காட்டி, இரண்டாம் படியில் உட்கார்ந்து, உள்ளங்கையை மேல்படியில் ஊன்றினேன். எட்டுப் படியும் அப்படியே ஏறினேன், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு. முதலில் பார்வையை விலக்கியது நான் இல்லை.